போகவரப் பாத்தியம் முதல் நீதிமன்றப் படி வரை: சட்டத்தில் ‘அணுகல்’

தமிழ்நாட்டில் வயலோ மனையோ கைமாறும்போது எழுதப்படும் கிரயப் பத்திரங்களில், சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பெரும்பாலும் இப்படி ஒரு வரி வரும்: ‘மேற்படி சொத்துக்குப் போகவர உள்ள மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம் உள்பட’. வாங்குகிறவர் விலையையும் பரப்பையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். இந்த வரியைச் சடங்கு வாசகமாக நினைத்துக் கடந்துவிடுவார். ஆண்டுகள் கழித்து எவராவது முள்வேலி போடும்போதுதான், சொத்தின் உயிரே அந்த வரியில் இருந்தது தெரியவரும். கால் வைக்க வழியில்லாத நிலம் பட்டாவில் மட்டுமே சொந்தமாக இருக்கும்.

ஓர் இடத்தையோ ஒரு சேவையையோ பற்றி அன்றாடப் பேச்சில் நாம் கேட்கும் கேள்விகள் மூன்று. ‘உள்ளே விடுவார்களா?’ என்பது ஒன்று. ‘நம்மால் போய்ச் சேர முடியுமா?’ என்பது இன்னொன்று. ‘போனால் காரியம் நடக்குமா?’ என்பது மூன்றாவது. பேச்சில் இவை ஒன்றோடொன்று கலந்தே வரும். சட்டத்தில் ஒவ்வொன்றும் தனிக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. முதல் கேள்விக்கு விடை சொல்லத் தடுப்பவரை விலக்கினால் போதும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் யாரோ ஒருவர் செலவு செய்து, திட்டமிட்டு, வேலை செய்தாக வேண்டும். சட்டம் நெடுங்காலம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லிவந்தது. மற்ற இரண்டையும் அது ஏற்கத் தொடங்கியது, வாசலில் நின்றவர்கள் விடாமல் வற்புறுத்தியதால்தான் என்பது என் கருத்து.

பக்கத்து நிலத்தின் வழியாக

நிலத்துக்கான வழியைப் பொறுத்தவரை அடிப்படைச் சட்டம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். வழக்கறிஞர்கள் இன்றும் ஈஸ்மெண்ட் சட்டம் என்றே சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. ஆகவே தமிழ் ஊர்களின் வரப்புத் தகராறுகளுக்கு இந்தச் சட்டம் தொடக்கத்திலிருந்தே பழக்கமானது. தன் நிலத்தைப் பயனுள்ள முறையில் அனுபவிப்பதற்காக, தனக்குச் சொந்தமில்லாத வேறொரு நிலத்தில் ஒன்றைச் செய்யவோ, அங்கே ஒன்று செய்யப்படாமல் தடுக்கவோ ஒருவருக்கு உள்ள உரிமையே வசதியுரிமை என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த உரிமை ஆளோடு ஒட்டியதல்ல, நிலத்தோடு ஒட்டியது. நிலம் விற்கப்பட்டால் அதனுடன் சேர்ந்தே போகும்.

இந்த உரிமை பிறக்கும் வழிகள் பல. பத்திரத்தில் எழுதிக்கொடுப்பதால் வருவது ஒன்று. குடும்பச் சொத்தைச் சகோதரர்கள் பாகம் பிரிக்கும்போது, பின்பக்கத்துப் பங்கு நான்கு புறமும் அடைபட்டுப் போனால், 13-ஆம் பிரிவின்படி அவசியத்தின் காரணமாகவே ஒரு வழி பிறக்கிறது. ஆனால் இங்கே அவசியம் என்பதற்கு நீதிமன்றங்கள் கண்டிப்பான பொருள் கொள்கின்றன. சுற்றுவழியோ மேடுபள்ளமான வழியோ வேறொன்று இருந்தால் அது சிரமம் மட்டுமே, அவசியம் ஆகாது. அவசியம் தீர்ந்த அன்று உரிமையும் தீர்ந்துவிடும் என்கிறது 41-ஆம் பிரிவு. பத்திரத்தின் மூலம் கொடுக்கப்பட்ட வழிக்கு இந்த ஆபத்து இல்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு பாகப்பிரிவினை வழக்கில், எழுத்து மூலம் வழங்கப்பட்ட பாதை உரிமை வேறு வழி கிடைத்துவிட்டது என்பதற்காக அழிந்துவிடாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கிரயப் பத்திரத்தின் அந்த ஒரு வரிக்கு இருக்கும் கனம் இதுதான்.

மூன்றாவது வழி, நீண்டகாலப் பயன்பாடு. 20 ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, இடையறாமல், உரிமையாகவே ஒரு பாதையைப் பயன்படுத்தி வந்தால் 15-ஆம் பிரிவு அதை முழு உரிமையாக ஏற்கிறது. அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள். அந்தக் காலம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவதாகவும் இருக்க வேண்டும். வேலி போடப்பட்ட பிறகு, ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள் என்று காலத்தைக் கடத்துகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

‘உரிமையாகவே’ என்ற நிபந்தனையில்தான் வழக்குகள் பெரிதும் தடுக்கி விழுகின்றன. பக்கத்து நிலத்துக்காரர் நல்லவர்; ‘போய்க்கோப்பா, யார் வேண்டாம் என்றது’ என்று சொல்லி இரண்டு தலைமுறையாக விட்டிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் நடந்தாலும் அந்த நடை உரிமையாக மாறாது, ஏனெனில் அது அனுமதியின் பேரில் நடந்த நடை. சட்டம் இதை உரிமம் என்று தனியாகப் பிரித்து 52-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறலாம். உரிமத்தை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எதையாவது எழுப்பியிருந்தால் மட்டும் திரும்பப் பெற முடியாது. 59-ஆம் பிரிவோ இதைவிடக் கடுமையானது: உரிமம் கொடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது. ஊரில் உறவாகவும் நட்பாகவும் இருந்த வழி, நிலம் வெளியூர்க்காரர் கைக்குப் போனதும் ஒரே வாரத்தில் அடைபடுவதற்குச் சட்டத்தில் உள்ள காரணம் இதுவே. பெருந்தன்மையாக வழிவிட்டவரின் அயலார், முறைத்துக்கொண்டே சகித்துக்கொண்டவரின் அயலாரைவிடச் சட்டத்தின் முன் பலவீனமாக நிற்கிறார். இது நியாயமா என்று கேட்டால், கருணையைக் கட்டாயமாக மாற்றிவிட்டால் யாரும் கருணை காட்டத் துணியமாட்டார்கள் என்பதே சட்டத்தின் பதில். அந்தப் பதிலில் பொருள் உண்டு என்றாலும், அனுமதி கேட்டு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் நிலம் குறைந்தவர்கள் என்பதையும் அதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

உரிமை கிடைத்த பிறகும் அதன் அளவு ஒரு பிரச்சினை. ஒரு வகை வழிக்கான உரிமை இன்னொரு வகை வழியை உள்ளடக்காது என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. வரப்பின் மேல் ஆள் நடந்து, கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வந்த காலத்தில் உருவான ஒற்றையடிப் பாதையின் வழியாக இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போயாக வேண்டும். நடைப்பாதை உரிமையைக் காட்டி அவற்றைக் கொண்டுபோக முடியாது. மறைந்துவிட்ட ஒரு வேளாண்மை முறையின் அளவில் தைத்த சட்டையாக அந்த உரிமை நின்றுபோயிருக்கிறது. நிலத்தை அடைய வழி உண்டு, ஆனால் அந்த நிலத்தில் இன்றைய முறையில் விவசாயம் செய்ய வழியில்லை. இங்கேயே, இந்தப் பழைய சட்டத்துக்குள்ளேயே, விடுவதும் பயன்படுவதும் வேறுவேறாகப் பிரிந்துவிட்டதைக் காணலாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பையும் சொல்ல வேண்டும். பாதை என்று சொல்லப்படுவது உண்மையில் தனியார் நிலமா என்பதை முதலில் கிராமத்து நிலங்களின் வகையைக் குறிக்கும் ‘அ’ பதிவேட்டிலும், நில அளவை வரைபடமான புலப்பட நகலிலும் பார்ப்பது நல்லது. அங்கே வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் 20 ஆண்டுக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. அது எல்லோருக்கும் பொதுவான வழி. ஆக்கிரமிப்பை 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் அகற்றும்படி வட்டாட்சியரிடமே கேட்கலாம்.

பொது என்று எழுதியிருந்தும்

பொதுவான வழி எல்லோருக்கும் பொது என்று மேலே எழுதியது, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மண்ணில் உண்மையாக இருக்கவில்லை. அரசின் பணத்தில் போட்ட சாலையில், அரசின் பணத்தில் வெட்டிய கிணற்றருகில், ஊராட்சியின் குளக்கரையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்க முடியாமல் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைக்கத்தில் 1924-இல் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்கானதல்ல. கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடப்பதற்கானது. பெரியார் அதில் சிறைசென்றார். 1925-இன் இறுதியில் மூன்று பக்கச் சாலைகள் திறக்கப்பட்டன, கிழக்குச் சாலை திறக்கப்படவில்லை. 1936 நவம்பரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகே அந்தத் தடை முழுமையாக நீங்கியது. உரிமை கேட்டவர்களுக்கு முக்கால் பங்கு கொடுத்துக் கால் பங்கை நிறுத்திவைக்கும் இந்த வழக்கம் பிற்கால வரலாற்றிலும் தொடர்ந்து வருவது.

அதே 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதை வழியாக நடக்கலாம். சாதி இந்துக்களுக்கு இருக்கும் அதே அளவில் பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை அடையலாம் என்பது அதன் சாரம். இன்று படித்தால் இதற்கொரு தீர்மானமா என்று தோன்றும். ஆனால் அரசமைப்பின் 15(2)-ஆம் உறுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கிணறு, குளம், சாலை என்று அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட அதே வடிவில் அங்கேயும் இருப்பது தெரியும். மகாராஷ்டிரத்தின் மகாடில் 1927 மார்ச்சில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்ததும் இதே பட்டியலின் ஒரு வரிக்காகவே.

15(2)-ஆம் உறுப்பு அரசை மட்டுமல்லாமல் தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. அதன் முதல் பகுதி கடைகள், உணவகங்கள், விடுதிகள், கேளிக்கை இடங்கள் ஆகியவற்றை அணுகுவது பற்றிப் பேசுகிறது; இரண்டாம் பகுதி கிணறு, குளம், நீராடு துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவது பற்றிப் பேசுகிறது. முதல் பகுதியில் அணுகல், இரண்டாம் பகுதியில் பயன்பாடு. அப்படியானால் கடைக்குள் நுழைய விட்டால் போதுமா, பொருளைக் கொடுக்க வேண்டியதில்லையா என்ற ஐயம் எழலாம். 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்த விதி விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் இதற்கு நேரடியாக விடையளித்தார். கடை என்ற சொல் உள்ளே நுழைய விடுவது என்ற குறுகிய பொருளில் இங்கே ஆளப்படவில்லை, நிபந்தனைகளுக்கு உடன்படும் எவரும் அங்கே கிடைக்கும் சேவையைக் கேட்டுப் பெறுவது என்ற விரிந்த பொருளில் ஆளப்பட்டிருக்கிறது என்று அவர் விளக்கினார். நாடி வரும் எவருக்கும் தன் சேவையை அளிக்க ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமே கடை என்றும் சொன்னார்.

இந்திய சட்ட வரலாற்றில் அணுகல் என்பதற்குக் கிடைத்த மிக முக்கியமான விளக்கமாக நான் இதைக் கருதுகிறேன். வாசலைத் தாண்டுவதோடு அணுகல் முடிவதில்லை என்பதை, வாசலிலேயே நிறுத்தப்பட்ட அனுபவம் உள்ள ஒருவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மருத்துவக் கல்லூரி தொடர்பான வழக்கில் இந்த உரையை எடுத்துக்காட்டி, கடை என்ற சொல்லின் விரிந்த பொருளுக்குள் தனியார் கல்வி நிறுவனங்களையும் கொண்டுவந்தது.

தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளை முறையை இந்த விளக்கத்தின் ஒளியில் பார்க்க வேண்டும். அங்கே யாரும் உள்ளே வராதே என்று சொல்வதில்லை. தேநீரும் கிடைக்கும், காசும் வாங்கிக்கொள்வார்கள். குவளை மட்டும் வேறு, உட்காரும் இடம் மட்டும் வேறு. கேட்டால், யாரைத் தடுத்தோம் என்பார்கள். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், அதாவது 1976 முதல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, இந்தச் சாக்குக்கு அன்றே இடம் வைக்கவில்லை. கடையை அணுகுவதைத் தடுப்பதைப் போலவே, உணவகத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் அது தனியாகக் குறிப்பிட்டுக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பட்டியலை இன்னும் நீட்டியது: சுடுகாடு, இடுகாடு, நீர்நிலை, குழாய், பாதை, வழிபாட்டிடம், கல்விக்கூடம், மருத்துவமனை, அதோடு பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவது, செருப்போ புதுத்துணியோ அணிவது ஆகியவற்றைத் தடுப்பதும் குற்றம். தெருவில் நடக்க விட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நட என்று சொன்னால் அதுவும் தெருவை மறுப்பதுதான் என்று சட்டம் இங்கே ஏற்றுக்கொள்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989-இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டுப் பாதை திறக்கப்பட்டது. சட்டங்கள் எல்லாம் ஏட்டில் இருந்த காலத்தில்தான் அந்தச் சுவரும் நின்றது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்யாமல் போக முடியாது.

யாரும் தடுக்காத இடத்தில்

இதுவரை பார்த்தவற்றில் தடுக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். சென்னை மெரினா கடற்கரையில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவரைச் சாலையோரத்திலேயே மணல் நிறுத்திவிடும். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அலை வரை ஒரு மரப்பாதை போடப்பட்டபோது, வாழ்நாள் முழுதும் இந்நகரில் வாழ்ந்தும் கடல்நீரில் கால் நனைக்காதவர்கள் முதல்முறையாக நனைத்தார்கள். சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது; பிறகு சரிசெய்து திறந்தார்கள். பொது இடம் எல்லோருக்கும் உரியது என்ற அறிவிப்பால் மட்டும் இவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. பலகை அடிக்க வேண்டும், அடித்ததைப் பராமரிக்க வேண்டும். இங்கே அணுகல் என்பது அரசு செய்யாமல் இருக்க வேண்டிய ஒன்றல்ல, செய்தாக வேண்டிய ஒரு வேலை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தடை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கட்டடத் தடை மட்டுமல்லாமல் தகவல்தொடர்பு, பண்பாடு, பொருளாதாரம், நிறுவனம், மனப்பான்மை சார்ந்த தடைகளும் அடங்கும். அணுகத்தக்க முறையில் இல்லாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக்கூடாது என்கிறது 44-ஆம் பிரிவு. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் சீராக்க வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022-இல். இந்த வரிகளைப் படிப்பவர் தம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தின் படிகளை நினைத்துப் பார்த்தாலே நிலைமை விளங்கும்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை விளக்க வேண்டும், ஏனெனில் அலுவலகங்களில் இதைத்தான் வேண்டுமென்றோ தெரியாமலோ குழப்புகிறார்கள். ஒரு குறிப்பிட்ட மனிதர் வந்து தன் தேவையைச் சொன்ன பிறகு அவருக்காகச் செய்து தரும் மாற்றம் ஒன்று. பார்வையற்ற தேர்வருக்கு எழுதுநர் தருவது அதற்கு எடுத்துக்காட்டு. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, யார் வருவார் என்று தெரியாதபோதே, எல்லோரும் வரக்கூடியதாக இடத்தை அமைத்து வைப்பது வேறொன்று. முதலாவது கேட்பவருக்கு உரியது, இரண்டாவது கேளாமலே இருந்தாக வேண்டியது. ‘எங்கள் அலுவலகத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை’ என்ற பதில் முதலாவதோடு இரண்டாவதைக் குழப்புகிறது. சாய்தளம் இல்லாத இடத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்?

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. அணுகல்தன்மையைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்க, அதன்கீழ் எழுதப்பட்ட 15-ஆம் விதி சுட்டிக்காட்டிய வழிகாட்டு நெறிகளோ பெரும்பாலும் ‘செய்யலாம்’, ‘செய்வது நல்லது’ என்ற பரிந்துரை நடையிலேயே இருந்தன. சட்டம் கட்டளையிடும் இடத்தில் விதி வெறும் ஆலோசனை சொல்ல முடியாது என்று கூறி, விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டிய தரங்களைப் பிரித்தெடுத்து மூன்று மாதங்களில் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக ஏற்கப்பட்ட அளவு. அதை மறந்து, மூன்றடித் திண்ணைக்கு ஆறடியில் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவைப் பூசிவிட்டு, சாய்தளம் உண்டு என்று படிவத்தில் குறித்துவிடும் கட்டடங்கள் நம் ஊர்களில் ஏராளம். பரிந்துரை கட்டாயமாக மாற வேண்டிய தேவை அங்கேதான் இருக்கிறது.

திரைக்கு முன்னால்

கணினி வந்த பிறகு அணுகல் என்பதற்கு நேரெதிரான ஒரு முகமும் சட்டத்தில் சேர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தன் விளக்கப் பிரிவின் முதல் சொல்லாகவே இதை வைத்திருக்கிறது: கணினியின் தருக்க, கணக்கீட்டு, நினைவகத் திறன்களுக்குள் நுழைவது, அவற்றுக்குக் கட்டளையிடுவது, அவற்றோடு தொடர்புகொள்வது எல்லாமே அணுகல். உரிமையாளரின் அனுமதியின்றி அப்படிச் செய்தால் 43-ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு. கெட்ட நோக்கமோ ஏமாற்றும் எண்ணமோ இருந்தால் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறை. இங்கே அணுகல் காக்கப்பட வேண்டிய உரிமையாக இல்லாமல் தடுக்கப்பட வேண்டிய செயலாக நிற்கிறது. அனுமதி எதுவரை நீளும் என்பது அதில் கடினமான கேள்வி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு காவல் அதிகாரி, தமக்கு முறைப்படி கொடுக்கப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டே, பணத்துக்காக ஒரு வாகன எண்ணின் விவரத்தைத் தேடினார். 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில், தரவுத்தளத்தின் அந்தப் பகுதி அவருக்குத் திறந்தே இருந்ததால், நோக்கம் தவறானது என்பதற்காக அவர் கணினி ஊடுருவல் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

குடிமக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இணையக் கதவு மூடப்படுவதுதான் பெரிய கவலை. கேரளத்தில் கல்லூரி விடுதி ஒன்று மாலை வேளையில் மாணவிகளின் செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டதை எதிர்த்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று 2019-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைவிடக் கவனமாக நடந்துகொண்டது. இணையத்தின் வழியாகக் கருத்துரைப்பதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டவை, காலவரையற்ற முடக்கம் கூடாது, முடக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்றெல்லாம் சொன்ன நீதிமன்றம், இணையத்தை அணுகுவதே அடிப்படை உரிமையா என்பது தன் முன் வாதிடப்படவில்லை என்று கூறி அதில் கருத்துச் சொல்லாமல் விட்டது.

2025 ஏப்ரல் 30 அன்று வந்த பிரக்யா பிரசூன் தீர்ப்பு இந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்தது. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் அட்டை வாங்கவும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டிக் காட்ட வேண்டும். அமில வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? யாரும் அவரை வாடிக்கையாளராக ஏற்க மறுக்கவில்லை. உயிருள்ள மனிதர்தானா என்று சோதிக்கும் நிரல், எல்லோருக்கும் இமை உண்டு என்ற ஊகத்தில் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். எண்மச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிமன்றம், சிமிட்டலுக்கு மாற்றான சோதனை முறைகள் உட்பட இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது.

நீதிமன்றத்துக்கே போக

இந்த உரிமைகள் எல்லாவற்றையும் கேட்டுப் பெறும் இடம் நீதிமன்றம் என்றால், நீதிமன்றத்தை அணுகுவது எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வியாகிறது. 2016-இல் அனிதா குஷ்வாகா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு, நீதியை அணுகுவது 14, 21-ஆம் உறுப்புகளில் அடங்கிய அடிப்படை உரிமை என்று கூறியதோடு நிற்காமல், அது எவற்றால் ஆனது என்றும் வகுத்தது. செயல்படக்கூடிய தீர்வு அமைப்பை அரசு ஏற்படுத்த வேண்டும். அது தூரத்தில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். விசாரணை விரைவாக நடக்க வேண்டும். செலவு தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். தூரம், காலம், பணம் என்று பேச்சுவழக்கில் எந்த ஏழையும் சொல்லக்கூடிய குறைகள் அரசமைப்புச் சட்டத்தின் மொழிக்குள் வந்துவிட்டன.

தூரம் என்பது எப்படிப்பட்டது என்பதைத் தென் மாவட்டத்து மக்களிடம் கேட்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னை வர வேண்டியிருந்தது. வழக்கு எண் அழைக்கப்படாமல் வாய்தா ஆகிவிட்டால் மறுபடியும் அதே பயணம். நெடுங்காலக் கோரிக்கைக்குப் பிறகு 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகே அந்தத் தூரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

மொழி இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. கீழமை நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி சொன்னவர், மேல்முறையீட்டில் தன் நிலத்தைப் பற்றியும் தன் குழந்தையைப் பற்றியும் தனக்கு முன்னாலேயே ஆங்கிலத்தில் நடக்கும் வாதத்தைப் புரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்க 2006-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 348(2)-ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று ஆளுநர் அதற்கு அதிகாரமளிக்க முடியும். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது. தமிழுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

செலவைப் பொறுத்தவரை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பலரும் நினைப்பதைவிட விரிவானது. அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள், பேரிடராலோ சாதி வன்கொடுமையாலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் தங்கள் வருமானம் எவ்வளவு என்று காட்டாமலே இலவச சட்ட உதவி கேட்கலாம். வழக்குத் தொடுப்பதற்கும், தம்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் எதிர்வாதம் செய்வதற்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு மட்டுமே வருமான வரம்பு. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட ஆணைக்குழுவின் அலுவலகமும், வட்ட அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இருக்கின்றன. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அங்கே இருப்பவர்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.